கப்பல் சளி

1943 மார்ச் 7, ஞாயிறு
பிரிக்பீல்ட்ஸ், மலாயா

கிழங்கைச் சீவிக் கூரைத் தகரத்தில் காயப் போட்டேன். மழை வந்து அத்தனையையும் நனைத்துவிட்டுப் போனது. ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும் ஆக்கிப் போட்ட கடையில் இப்போது மச்சான் மரவள்ளிப் புட்டு விற்கிறார். கூடவே காபி என்ற பெயரில் ஒரு கறுப்புத் தண்ணீர். அதற்கும் ஆள் வருகிறது. வந்த ஆளும் பின்னாலிருந்து என் மகன் மஜீதின் இருமலைக் கேட்டதும் பாதிக் கோப்பையோடு எழுந்து போய்விடுகிறான்.

"அவனைப் பின்கட்டுலயே உட்கார வையேன்" என்றார் மச்சான்.

"கூண்டு ஒன்னு செஞ்சு குடுங்க, அதுக்குள்ள வைக்கிறேன்" என்றேன். முறைத்தார். முறைக்கட்டும்.

மஜீதுக்குப் பதினொரு வயது. பிறந்த அன்றே மூக்கு ஒழுகியது, பால் குடிக்கும்போதே நெஞ்சு கரகரத்தது. மற்ற பிள்ளைகளுக்கும் சளி பிடிக்கிறது, நாலு நாளில் விடுகிறது. இவனைப் பிடித்தது விடவே இல்லை. அதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: கப்பல் சளி. இவனை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேனாம். கடல் காற்று கர்ப்பத்துக்குள் இறங்கிவிட்டதாம். "பெத்துட்டுப் போடி" என்று நாகூரே சொல்லியும் கேட்காமல், மச்சான் முகம் பார்க்கப் பறந்தேனாம். புருஷனிடம் போகிறவள் வேறு எதில் போவாள்? நடந்தா?

அவன் ஒவ்வொரு முறை இருமும்போதும் மச்சான் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார். இத்தனை வருஷமாக அந்த ஒரு பார்வை. வாயைத் திறந்தால் சண்டை வருகிறது. அதனால்தான் இதில் எழுதுகிறேன்.

மார்ச் 12, வெள்ளி

குழாயடியில் நாகையா பெண்சாதி என் குடத்தைக் காலால் நகர்த்தி வைத்தாள். "ஒங்க பையன சுங்கை பூலோவுக்கு அனுப்பக்கூடாதாக்கா?" என்கிறாள். அது குஷ்டக்காரர்களை வைத்திருக்கிற இடம். இருமுகிறவனை எதற்கடி அங்கே அனுப்புவது, மூதேவி? கேட்டும்விட்டேன்.

மார்ச் 21, ஞாயிறு

கிள்ளானிலிருந்து பாவா நானா சைக்கிளில் வந்தார். என் உடன்பிறந்த அண்ணன். கிள்ளானில் துணிக்கடை; கடை இருக்கிறது, துணிதான் இல்லை. வந்ததும் வராததுமாக மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, "நசீரு, எம் மவன் கௌஸுக்கு ஒம் மவ அமீனாவக் குடு" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொய் சொல்லக்கூடாது, சந்தோஷத்தில்தான். அமீனாவுக்குப் பதினாறு. ஜப்பான்காரன் வந்த நாள் முதல் அவளை வெளியே விடுவதில்லை. தலைமுடியைக் கூட மொட்டையாக வெட்டிவிட்டேன். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் பரண்மேல் ஏற்றி, வெறும் சாக்குகளைப் போட்டு மூடுகிறேன். கல்யாணம் ஆகிவிட்டால் பாதி பயம் குறையும்.

"வெளிய எவன் வருவான், தங்கச்சி? பின்னால ஒருத்தன் இருமிக்கிட்டுக் கெடக்கான். ஒன்னுக்குள்ள ஒன்னு நாம. நம்ம கொறை நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார் நானா.

எங்களுக்குள் எல்லாமே ஒன்றுக்குள் ஒன்றுதான். நானா கட்டியிருப்பது என் மச்சானின் உடன்பிறந்த லாத்தா முத்து பீவியை. மச்சான் கட்டியிருப்பது நானாவின் தங்கையான என்னை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். அதற்கும் மேலே, மச்சானின் வாப்பா என் உம்மாவுக்குக் கூடப்பிறந்தவர். இரண்டு தலைமுறையாக வெளி ஆள் ஒருவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வோம்.

ரஜப் மாதத்தில் நிக்காஹ். கௌஸ் வெள்ளை வாயில் துணி ஒரு துண்டு கொடுத்தனுப்பியிருக்கிறான். இந்தக் காலத்தில் எங்கே பிடித்தானோ! அமீனா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 11, ஞாயிறு

மூன்று நாளாக மஜீதுக்குக் காய்ச்சல். தாயத்து, ஓதிய தண்ணீர், கற்பூரவள்ளிச் சாறு எல்லாம் ஆயிற்று. மச்சான் வேண்டாமென்றும் கேட்காமல், ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டாக்டர் ஜெயராஜிடம் தூக்கிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து அலமாரியில் வெறும் பாட்டில்கள். ஆனால் மனுஷர் தொட்டுப் பார்க்கிறார். மற்றவர்கள் மாதிரி எட்ட நின்று மூக்கைப் பொத்தவில்லை.

நெஞ்சுக் குழாயை இடப்பக்கம் வைத்தார். எடுத்தார், குழாயைத் தட்டிப் பார்த்தார், மறுபடி வைத்தார். சரி, குழாயும் கெட்டுப்போனது போலிருக்கிறது, நம் ராசி என்று நினைத்தேன். பிறகு வலப்பக்கம் வைத்தார். வைத்த இடத்திலேயே கை நின்றுவிட்டது. விரலால் தட்டித் தட்டி வயிறு வரைக்கும் பார்த்தார்.

"அம்மா, இவன்ரை இருதயம் வலப்பக்கத்திலை இருக்கு. முன்னம் ஒருத்தரும் பார்க்கேல்லையோ?"

நான் என்ன சொல்ல? பிள்ளையின் நெஞ்சு எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எந்தத் தாய் பார்க்கிறாள்! மஜீதைக் கேட்டால், "எல்லாருக்கும் இங்கதானே?" என்று வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டுகிறான்.

"இது சயரோகம் இல்லை. ஆருக்கும் தொத்தாது. கேட்டுதோ?" என்றார். அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். குடத்தைக் காலால் நகர்த்தியவளை இழுத்து வந்து இதைக் கேட்க வைக்க வேண்டும்.

பிறகு விளக்கினார். இருதயம் பக்கம் மாறி இருப்பது, மூக்குக்குள் எப்போதும் சளி, மூச்சுக்குழாய் தளர்ந்து அகன்றுபோவது. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை வெளிநாட்டு வைத்தியப் புத்தகம் ஒன்றில் படித்தாராம். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். நம் நெஞ்சுக்குள் ஊறும் சளி தானாக மேலே ஏறி வந்துவிடும். இவனுக்கு ஏறுவதில்லை, தேங்கிக் கிடந்து அழுகுகிறது. ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். "அது புத்தகம் எழுதினவைக்கும் தெரியேல்லை" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் வைத்தியர் இவர்.

"நீங்களும் உங்கட அவரும் சொந்தமோ?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், உங்க ஊர்ல அந்நியத்துலதான் கட்டுவாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"இந்த வருத்தம் தாயிட்டை இருந்து ஒரு பங்கு, தேப்பனிட்டை இருந்து ஒரு பங்கு வந்தாத்தான் வரும் எண்டு நினைக்கிறன். ஒரு பங்கோடை இருக்கிற ஆளுக்கு ஒண்டும் செய்யாது. தங்களிட்டை இருக்கெண்டே தெரியாது. ஒரே ரத்தத்துக்கை கட்டேக்கை ரெண்டு பங்கும் ஒரு பிள்ளையிலை வந்து சேருது."

யாழ்ப்பாணத்தில் நோயை வருத்தம் என்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். நான் கப்பல் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "கப்பலிலை ஏறினா இருதயம் இடம் மாறுமோ, அம்மா? அப்பிடியெண்டா இந்த மலாயாவிலை பாதிச் சனத்துக்கு மாறியிருக்க வேணும்."

மருந்து இல்லை. ஒரு வழி காட்டினார். தலையணையை வயிற்றுக்கடியில் கொடுத்து, தலை கீழே தொங்கும்படி பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்ட வேண்டும். காலையும் மாலையும். வீட்டுக்கு வந்து தட்டினேன். ஒரு கிண்ணம் வந்தது. யா அல்லா, இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டா என் பிள்ளை மூச்சு விட்டான்!

ஏப்ரல் 12, திங்கள்

மச்சானிடம் சொன்னேன். "எனக்கா? எங்கிட்டேர்ந்தா?" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மகன் பிழைப்பானா என்றுகூடக் கேட்கவில்லை.

மே 9, ஞாயிறு

தினமும் தட்டுகிறேன். மஜீது தேறியிருக்கிறான். நேற்று மாடிப்படியை நிற்காமல் ஏறினான்.

ஆனால் என் மனசில் ஒரு முள். தாயிடம் ஒரு பங்கு, தகப்பனிடம் ஒரு பங்கு. அப்படியானால் எனக்கு எங்கிருந்து வந்தது? உம்மாவிடமிருந்தோ வாப்பாவிடமிருந்தோ. அது நானாவுக்கும் போயிருக்கலாம் அல்லவா? மச்சானிடம் இருப்பது முத்து பீவி மச்சியிடமும் இருக்கலாமே? அந்த இரண்டு பேரும் பெற்றவன்தான் கௌஸ். இந்த இரண்டு பேரும் பெற்றவள்தான் அமீனா.

இருக்காது. கௌஸ் காளை மாதிரி இருக்கிறான். நானா வீட்டில் யாருக்கும் இந்தச் சீக்கு வந்ததில்லை. நான் இங்கே வந்த பிறகு பிறந்த அவர்கள் மகள் ஒருத்தி நாகூரில் மூன்று வயதில் மவுத்தானாள், அது வைசூரி. நான் பயந்தாங்கொள்ளி.

மே 20, வியாழன்

மச்சி முத்து பீவி வந்தாள், பரிசத்துக்கு நாள் பேச. நான் மஜீதைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். சளி இறங்குவதைப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம் புள்ளையும் இப்படித்தான்... பச்சையாத்தான் வரும்" என்றாள்.

எந்தப் பிள்ளை என்றேன். மஜீதை வெளியே போகச் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். நாகூரில் செத்தது வைசூரியில் இல்லை. பிறந்ததிலிருந்து மூக்கு ஒழுக்கு, இருமல், கடைசியில் மூச்சுத் திணறல். நானா அப்போது கிள்ளானில் இருந்தார்; மகளைப் பார்த்ததே இல்லை. கேட்டால் "வயிறு சரியில்லாதவ" என்று வேறொருத்தியைக் கட்டிவிடுவாரோ என்று பயந்து, வைசூரி என்று சொல்லியனுப்பினாளாம். உடலைக்கூட யாருக்கும் காட்டாமல் அடக்கினார்களாம்.

மச்சி அதுவரை கப்பல் ஏறியதே இல்லை. அந்தப் பிள்ளை கடல் தண்ணீரைக் காலால் தொட்டதில்லை.

அப்படியானால் கப்பல் சளி என்று இத்தனை காலம் என்னைக் குத்தியபோது, இவள் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாளா? அவளும் அல்லவா சேர்ந்து சொன்னாள்! "எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, மச்சி..." என்றேன். அவள் முடிக்க விடவில்லை.

"நிக்காஹ் நிக்க வேணாம், காத்தூன். ஊர்ல ஜப்பான்காரன் ஆள் புடிக்கிறான், சயாம்ல ரயில் போடறதுக்கு. கல்யாணமாகாத பயலுவளத்தான் மொதல்ல இழுக்கிறான். ஒரு பொண்டாட்டி இருந்தா அவன் வீட்டோட கெடப்பான். எம் மவன் உசுரோட இருக்கணும். சளி புடிச்ச புள்ள பொறந்தா பொறக்கட்டும், தட்டி வளப்போம். நீ வளக்கல?"

நான் வளர்க்கிறேன். எப்படி வளர்க்கிறேன் என்று என்னைக் கேட்டால் அல்லவா தெரியும்.

மே 23, ஞாயிறு

டாக்டரிடம் மறுபடி போனேன். கௌஸுக்கும் அமீனாவுக்கும் பிறக்கும் பிள்ளைக்கு வருமா என்று கேட்டேன். "வரலாம். வராமலும் போகலாம். ரெண்டு பேரும் பங்கு வைச்சிருக்கினமோ எண்டு பார்க்க ஒரு வழியும் இல்லை" என்றார். வரும் என்றாலும் சரி, வராது என்றாலும் சரி, ஒரு முடிவுக்கு வரலாம். 'லாம்' 'லாம்' என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மச்சான் சொல்கிறார்: "மாமன் மவள, மச்சான் மவளக் கட்டறது ஹலால். நீ என்ன மார்க்கத்தை மாத்தறியா?" ஹலால்தான். ஆட்டிறைச்சியும் ஹலால்தான், வயிற்றுக்கடுப்புக்காரனுக்கு யாராவது ஊட்டுவார்களா?

ஜூன் 13, ஞாயிறு

முடிந்தது.

பரிசத்துக்கு நானாவும் மச்சியும் வந்தார்கள். வெற்றிலைத் தட்டை வைக்கும் முன்னால், வேண்டாம் என்று சொன்னேன். டாக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னேன். மச்சியின் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"எங்க வூட்டுல யாருக்குடி இருக்கு இது?" என்றார் நானா. "ஒனக்குத்தான். திமிரெடுத்துக் கப்பல் ஏறினே. நீ செஞ்சதுக்கு எங்க ரத்தத்தக் கொற சொல்றியா?"

மச்சான் தலையை ஆட்டினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானா பேசியதுகூட இல்லை, இவர் ஆட்டிய அந்தத் தலை.

"மச்சி, நீங்களே சொல்லுங்க. ஒங்க மவ எதுல மவுத்தானா?"

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்க்காமல் நானாவைப் பார்த்துச் சொன்னாள்: "வைசூரி. அல்லா மேல ஆணையா வைசூரி."

பிள்ளையைப் புதைத்தவள் உண்மையையும் புதைத்தாள். நான் பொய்க்காரியானேன். நானா வெற்றிலைத் தட்டைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தார். "எம் மவனுக்கு ஒம் மவ வேணாம். இனி ஒன் மையத்து அடக்கத்துக்குக்கூட வரமாட்டேன்."

போன பிறகு மச்சான் என்னை அறைந்தார். கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. அமீனா பரணிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜூன் 14

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா, உம்மா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பே?"

"அத இப்ப ஏன் கேக்கறீங்க?"

அந்த வாயில் துணி எங்கே என்று தேடினேன். காணவில்லை.

ஜூலை 25, ஞாயிறு

கௌஸைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கிள்ளானில் சும்மா படம் காட்டுகிறோம் என்று ஜப்பான்காரன் சொல்லியிருக்கிறான். வயசுப் பையன்கள் எல்லாம் போயிருக்கிறார்கள். கொட்டகைக் கதவைச் சாத்தி, வெளியே லோரியைக் கொண்டுவந்து நிறுத்தி ஏற்றிவிட்டான். கௌஸ் கட்டிய சாரத்தோடு போயிருக்கிறான். நானா கடையில் வேலை பார்க்கும் பாலன் வந்து சொன்னான்.

இது ரஜப் மாதம்.

ஜூலை 28, புதன்

மச்சி வந்தாள். வாசலுக்குள் வரவில்லை. தெருவில் நின்றுகொண்டே மாரில் அடித்துக்கொண்டாள். "வூட்டுல பொண்டாட்டி இருந்திருந்தா எம் மவன் படம் பாக்கப் போயிருப்பானாடி? பொறக்காத புள்ளைக்குப் பயந்து பொறந்த புள்ளையக் கொன்னுட்டியேடி!"

தெருவே பார்த்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதில் இருந்தது. நீ அன்று ஒரு உண்மை சொல்லியிருந்தால் நானா வேறிடத்தில் அவனுக்குப் பெண் பார்த்து முடித்திருப்பார் அல்லவா? சொல்லவில்லை. மகனைப் பறிகொடுத்தவளிடம் என்னத்தைச் சொல்வது?

நான் செய்தது சரி. சரிதானே? சரியாகச் செய்தவளுக்கு ஏன் சோறு இறங்கவில்லை?

அக்டோபர் 1, வெள்ளி

பெருநாள். கிழங்கு மாவில் ரொட்டி சுட்டேன். யாரும் வரவில்லை. நாங்களும் எங்கும் போகவில்லை.

1944 பிப்ரவரி 6, ஞாயிறு

கதவுக்கு இரட்டைத் தாழ் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பிற்பகல், இரண்டு சிப்பாய்கள் கடைக்குள் வந்து, அங்கிருந்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டார்கள். அமீனா பரணில். ஒருவன் ஏணியைப் பார்த்துவிட்டான். மஜீது அப்போதுதான் தலையணைமேல் கவிழ்ந்து கிடந்தான். நான் அவனை இழுத்து அவர்கள் முன்னால் நிறுத்தி, முதுகில் ஓங்கித் தட்டினேன். இருமினான், பூட்ஸ் மேலேயே துப்பினான். "சாக்கித் பாரு-பாரு! டீபீ! டீபீ!" என்று கத்தினேன். சயரோகம் என்று சொல்ல எனக்குத் தெரிந்த மலாய், தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள், சண்டாளர்கள்.

அமீனாவை இறக்கிக் கட்டிப்பிடித்தேன். அவளும் என்னைக் கட்டிக்கொண்டாள். ஜூனுக்குப் பிறகு இன்றுதான் என்னைத் தொட்டாள்.

மஜீது சிரித்துக்கொண்டே கேட்டான்: "டீபீ இல்லேன்னுதானே உம்மா டாக்டர் சொன்னார்?"

"வாயை மூடுடா" என்றேன். என் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

பிப்ரவரி 13

கேட்டிருக்கிறது. ஒரு வாரமாகக் கடையில் ஈ, கொசுதான். "பெத்த தாயே சொல்லிட்டா" என்கிறாளாம் நாகையா பெண்சாதி. தொத்தாது, தொத்தாது என்று ஒரு வருஷமாக வீடு வீடாகச் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. பொய்யை ஒரே ஒரு தடவை சொன்னேன், ஊரே நம்பிவிட்டது.

மச்சான் கடையைச் சாத்திவிட்டார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ரயில் ஸ்டேஷன் பக்கம் போகிறார்.

செப்டம்பர் 24, ஞாயிறு

மஸ்ஜித் இந்தியாப் பக்கம் வாசனைச் சாமான் விற்கும் குடும்பம் ஒன்று அமீனாவைப் பெண் கேட்க ஆள் அனுப்பியது. அந்நியம். பரங்கிப்பேட்டைக்காரர்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதற்காகத்தானே அத்தனையும் பட்டேன்! வந்த அம்மாள் நன்றாகத்தான் பேசினாள். போகும்போது குழாயடியில் நாகையா பெண்சாதி கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அவ்வளவுதான். திரும்பி வரவே இல்லை.

அமீனா சொன்னாள்: "சொந்தத்துலயும் குடுக்க மாட்டீங்க. அந்நியத்துலயும் எவனும் வரமாட்டான். என்னைய என்னதான் உம்மா செய்யப் போறீங்க?"

1945 மார்ச் 11, ஞாயிறு

நேற்று வெள்ளைக்காரன் பிளேன் வந்து செந்தூல் பக்கம் குண்டு போட்டது. தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வெட்டிய பதுங்குகுழிக்கு ஓடினோம். அதை வெட்ட மச்சானும்தான் மண் அள்ளினார். மஜீதைப் பார்த்ததும் இறங்கக்கூடாது என்றுவிட்டார்கள். அந்த ஜெயராஜ் டாக்டரும் இப்போது இல்லை, ஈப்போவுக்குப் போய்விட்டார். யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவேன்? வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் நாங்கள் நாலு பேரும் கிடந்தோம். வீடு குலுங்கியது. மச்சான் என் தலைமேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னது நெசம்னு எனக்கு அன்னைக்கே தெரியும், காத்தூன்" என்றார். "ரோசம், ஒத்துக்க முடியல."

அன்றைக்கே தெரியுமாம்! குண்டு விழுந்தால்தான் வாயிலிருந்து உண்மை விழும் போலிருக்கிறது. மஜீதின் தலையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22, புதன்

ஜப்பான்காரன் தோற்றுவிட்டானாம். நோன்பு வைத்துக்கொண்டு அழுதேன்.

அக்டோபர் 21, ஞாயிறு

சயாமிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் உயிரோடு இருக்கிறவர்கள் மாதிரி இல்லை. மச்சான் தினமும் போய் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார்.

நவம்பர் 4, ஞாயிறு

கௌஸ் வந்துவிட்டான்! உயிரோடு! பாலன் ஓடிவந்து சொன்னான். காலில் புண்ணாம், எலும்பும் தோலுமாக இருக்கிறானாம். இருந்தால் என்ன, வந்துவிட்டானே! அல்ஹம்துலில்லா!

பாலன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். நான் கேட்கிற நிலைமையில் இல்லை. தண்ணீர்கூடக் கொடுக்காமல் அவனை அனுப்பிவிட்டேன்.

அமீனா தலைக்குக் குளித்தாள். முடி வளர்ந்து தோளைத் தொட்டிருக்கிறது. பெட்டிக்கடியிலிருந்து ஒரு துணியை எடுத்து வெயிலில் போட்டாள். வெள்ளை வாயில். இரண்டு வருஷமாக அதைத்தான் ஒளித்து வைத்திருந்தாளா?

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நானா வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன். வராவிட்டால் நானே போய் அவர் காலில் விழுவேன். வரலாம், வராமலும் போகலாம் என்றுதானே டாக்டர் சொன்னார். வந்தால் தட்டுவோம். என் கை இருக்கிறது. இத்தனையும் பார்த்த பிறகு, ஒரு சளிக்கா பயப்படுவது? மச்சானிடம் சொன்னேன். "ஒன் இஷ்டம்" என்றார். அவருக்கும் முகம் மலர்ந்துதான் இருந்தது.

நவம்பர் 11, ஞாயிறு

நான் கிள்ளானுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். மச்சியே வந்துவிட்டாள். தோளில் ஒரு குழந்தை.

கௌஸ் சயாமிலேயே கட்டிக்கொண்டானாம். கேரி தீவுத் தோட்டத்துப் பெண், பெயர் கோமதி. தாய், தகப்பன், அண்ணன் எல்லோரும் ரயில்பாதைக் கொட்டகையில் பேதியில் போய்விட, இவள் ஒருத்திதான் மிச்சம். கௌஸ் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றியவள். அங்கே ஒரு லெப்பை இருந்து கலிமா சொல்லிக் கொடுத்து நிக்காஹ் ஓதியிருக்கிறார். இப்போது பாத்திமா. ஆறு மாதப் பிள்ளை, பெண். பாலன் சொல்ல வந்தது இதைத்தான்.

மச்சி இளைத்துப் பாதியாகிவிட்டாள். என்னைத் திட்ட வரவில்லை. "நேத்துலேர்ந்து தும்முது, காத்தூன். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒனக்குத்தான் தெரியும். கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்" என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெருவில் நின்று மாரடித்தவள் இப்போது என் முன்னால் பிள்ளையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

குழந்தையை வாங்கிக் காதை வைத்தேன். மூக்கைப் பார்த்தேன். முதுகைத் தடவினேன். நெஞ்சில் கரகரப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. புது இடத்துத் தூசிக்குத் தும்மியிருக்கிறது. "ஒன்னுமில்ல மச்சி. அந்நிய ரத்தம். நம்ம சீக்கு இதுக்கிட்ட இல்ல" என்றேன். மச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நீ அன்னைக்குச் சொன்னது எல்லாம் நெசம்தான். அவருகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

நான் ஜெயித்துவிட்டேன். இதைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். சிரிக்கவா?

பின்கட்டில் மஜீது இருமிக்கொண்டிருந்தான். அமீனா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. கேட்காமலே கையை நீட்டிக் குழந்தையை வாங்கினாள். தோளில் சாய்த்துக்கொண்டதும் அது உடனே தூங்கிவிட்டது. காதை அதன் மூக்கருகே கொண்டுபோனாள். எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். தூங்குகிற பிள்ளை என்றால் கரகரவென்று சத்தம் வரும் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

"சத்தமே இல்லாம மூச்சு விடுது, உம்மா" என்றாள்.